லிஃப்ட் பாட்டுக்கு ரெண்டு கைதட்டு

எனக்குக் கோபம் வரும். டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறவளுக்குக் கோபம் வரலேன்னாதான் ஆச்சரியம். கிளட்சை விடுன்னா பிரேக்கை மிதிக்கிற ஜென்மங்களோட காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே வண்டியில உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும். எல்லாரும் என்னை மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. "பொம்பளை எப்படிங்க மாஸ்டர்?"னு ஆரம்பத்துல ஒரு பெரிய மனுஷன் கேட்டார். அவருக்கு ரிவர்ஸ் வர்றதுக்குள்ள எனக்கு நரை வந்துடுச்சு.

அது கிடக்கட்டும். இப்ப சொல்ல வந்தது என் கோபத்தைப் பத்தி இல்ல. என் அக்காவோட காதைப் பத்தி. அப்புறம் ஒரு பாட்டைப் பத்தி.

பாட்டை முதல்ல சொல்லிடறேன். எண்பதுகள்ல வந்த வெளிநாட்டுப் பாட்டு. ரெண்டே ரெண்டு பேர். நெட்டையா ஒருத்தன் நின்னு பாடுவான், செத்தாலும் சிரிக்க மாட்டான். குட்டையா இன்னொருத்தன் கீபோர்டுக்குப் பின்னால தலை மட்டும் தெரியற மாதிரி நிப்பான். கிதார் கிடையாது, நிஜ டிரம்ஸ் கிடையாது. எல்லாம் சிந்தசைசர், டிரம் மிஷின். "மிஷின் வாசிக்கிறதுக்குப் பேரு பாட்டா?"ன்னு எங்க அப்பா கேப்பார். அந்த மிஷினுக்குள்ள எவ்வளவு ஏக்கம் இருந்துச்சுன்னு எங்களுக்கில்ல தெரியும்!

பாட்டுல ஒருத்தனும் ஒருத்தியும் லிஃப்ட்ல மாட்டிக்குவாங்க, ரெண்டு மாடிக்கு நடுவுல. அவ்வளவுதான் விஷயம். வார்த்தை பாதி எங்களுக்குப் புரியாது. புரியாத பாதியை நாங்களே இட்டுக்கட்டிப் பாடிக்குவோம். பாட்டோட நிஜப் பேரு வேற என்னமோ. எங்க வீட்டுல அதுக்கு லிஃப்ட் பாட்டுன்னு பேரு வச்சது அக்கா, அதுவே நிலைச்சுடுச்சு.

ரேடியோவுல வர்றது சின்னப் பாட்டு. நாங்க உசுரை விட்டது அதோட நீள ரீமிக்ஸுக்கு. டான்ஸ் ஆடற இடத்துல போடறதுக்குன்னே அந்தக் காலத்துல தனியா ஒரு பெரிய ரிக்கார்டு வரும். அதே பாட்டுதான், ஆனா அவசரமே இருக்காது. முதல்ல டிரம் மட்டும் வரும். அப்புறம் அடியில கும்முனு பேஸ் வந்து சேரும். கீபோர்டு எட்டிப் பாத்துட்டுப் போகும், திரும்ப வரும். நெட்டையன் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்வான். பிடிச்ச விருந்தாளி கிளம்பறேன்னு செருப்பை மாட்டின பிறகும் வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருப்பாங்களே, அது மாதிரி. நடுவுல ஒரு இடத்துல எல்லாம் விழுந்து டிரம் மட்டும் மிஞ்சும். அப்புறம் லிஃப்ட் மணி டிங், டிங்னு அடிக்கும். கதவு திறந்தாப்பல நெட்டையன் குரல் திரும்ப வரும்.

எங்க கேசட்டுல மட்டும் அந்த மணி கிடையாது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

தெரிஞ்ச வீட்டு ரிக்கார்டுல இருந்து கெஞ்சிக் கூத்தாடிப் பதிஞ்ச கேசட் அது. ஒரு நாள் எங்க டேப் ரிக்கார்டர் அதை மென்னு துப்பிடுச்சு. சரியா அந்த மணி அடிக்கிற இடம், நாடா கசங்கி முறுக்கு மாதிரி ஆயிடுச்சு. நான் தரையில உருண்டு அழுதேன். அக்கா அழல. கத்தரிக்கோலை எடுத்தா. கசங்கினதை வெட்டித் தூர எறிஞ்சா. ஒவ்வொரு கேசட்டோட ஆரம்பத்துலயும் ஒண்ணுமே பதியாத வெள்ளை நாடா கொஞ்சம் இருக்கும்ல, வேற ஒரு பழைய கேசட்டுல இருந்து அதை ஒரு விரல் நீளம் வெட்டி நடுவுல வச்சு, ரெண்டு பக்கமும் ஒட்டினா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட விட்டோம். டிரம் வந்துச்சு, போச்சு. சட்டுனு ஒண்ணுமே இல்ல. அக்கா என்ன நினைச்சாளோ, அந்த வெறும் இடத்துல கையை ரெண்டு தட்டு தட்டினா. தட், தட். உடனே நெட்டையன் குரல் வந்துடுச்சு.

"வந்துட்டாண்டி!"ன்னு கத்தினா அக்கா.

அன்னையில இருந்து எங்களுக்கு அதுதான் பாட்டு. வெள்ளை நாடா வந்ததும் ரெண்டு பேரும் தட்டுவோம், அப்புறம் "வந்துட்டான்!"னு கத்துவோம். கேசட் தேஞ்சு போற வரைக்கும் அப்படித்தான் கேட்டோம். அதுக்கப்புறம் சிடி வந்துச்சு, போன்ல வந்துச்சு, மணியோட முழுப் பாட்டும் கிடைச்சுது. மணி அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும், நாங்க பாட்டுக்கு அது மேலயே தட்டிக்கிட்டிருந்தோம். கைக்குப் பழகிப் போச்சு, கை கேக்குமா?

எங்களை மாதிரியே கிறுக்குப் பிடிச்சவங்க வேற ரெண்டு பேரும் உண்டு. ஒருத்தர் பல் டாக்டர். இன்னொருத்தன் தொப்பி. தொப்பிக்கு மைக் செட், ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடற தொழில். தலையில முடி போன நாள்ல இருந்து தொப்பியைக் கழட்டினதே இல்ல. டயர் கடைக்கு மாடியில அவனோட ஸ்பீக்கர்லாம் அடுக்கி வச்சிருக்கிற அறையில ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூடுவோம். அந்தக் காலத்துப் பாட்டு, அதோட ரீமிக்ஸ், ரீமிக்ஸோட ரீமிக்ஸ்னு போட்டுக் கேப்போம். எந்த ரீமிக்ஸ் உசத்தின்னு சண்டை நாறும். பல் டாக்டர் ஒரு தடவை கோவிச்சுக்கிட்டுப் பாதிப் படி இறங்கிட்டு, அடுத்த பாட்டு ஆரம்பிச்சதும் மேல ஏறி வந்துட்டார்.

நெட்டையனும் குட்டையனும் கிழவனாகி எங்க ஊருக்கே பாட வந்தப்போ நாலு பேரும் போனோம். ஸ்டேடியம் பூரா கூட்டம். மணி அடிக்கிற இடம் வந்துச்சு. அத்தனை ஜனத்துல நாங்க நாலு பேர் மட்டும் தட், தட்னு தட்டினோம். முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. அவ காது முழுசா கேட்ட கடைசிக் காலம் அதுதான்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. வர்றவங்களை நாற்காலியில உக்கார வச்சு, ஒரு வட்டத்தை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடிச் சில்லா மாத்தி மாத்திக் கேப்பா: "இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?" நாள் பூரா இதே கேள்வி. பதில் காதுல விழாம போக ஆரம்பிச்சப்போ, வந்தவங்களோட வாயைப் பாத்துச் சமாளிச்சா. எங்ககிட்ட மூச்சு விடல. ஒரு ஞாயித்துக்கிழமை, "கீபோர்டு சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கியா தொப்பி?"ன்னு கேட்டா. அவன் குறைக்கல. நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அப்புறம் காதுல மிஷின் வச்சாங்க, அதுவும் பத்தல. கடைசியில ஆபரேஷன். காதுக்குள்ள ஒரு கம்பி, வெளியில தலையில காந்தத்தால ஒட்டிக்கிற ஒரு வில்லை. "பிரிட்ஜ் பக்கம் போனா அப்படியே ஒட்டிக்குவேன் போல"ன்னு அக்கா கிண்டல் பண்ணினா. ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுச் சொன்னா: "காதைத் திறந்து விட்டதும் முதல்ல லிஃப்ட் பாட்டு போடணும். டாக்டர் பேச்செல்லாம் அப்புறம்."

போட்டேன். அதுதான் தப்பாப் போச்சு.

அந்த வில்லையை ஓட விட்ட அன்னைக்கு நானும் அத்தானும் கூட இருந்தோம். அந்த வேலையைப் பாக்கறவங்களை நாங்க காது மேடம்னுதான் சொல்வோம். அவங்க கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டினதும் அக்கா திடுக்கிட்டா. அப்புறம் சிரிச்சா. ஏதோ கேக்குதுன்னு தலையை ஆட்டினா. எனக்குப் பொறுமை ஏது? போனை எடுத்து, பழைய சத்தத்தை நல்லாத் துடைச்சு மெருகேத்தி புதுசா வந்திருக்கிற நீள ரீமிக்ஸைப் போட்டேன்.

அக்கா மூஞ்சி மாறிக்கிட்டே வந்துச்சு.

"என்னடி இது?"

நான் பாட்டுப் பேரை ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். அதைப் படிச்சா. போனைப் பாத்தா. திரும்பப் படிச்சா.

"தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு"ன்னு மெதுவாச் சொல்லிட்டு, மேடம் வருத்தப்படக் கூடாதேன்னு அவங்களைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. நான் பாட்டை நிறுத்திட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு அத்தான் என் டிரைவிங் ஸ்கூல் வாசல்ல வந்து நின்னார். அவர் அதிர்ந்து பேசாத மனுஷன். பிரேக் பிடிக்கத் தெரியாத ஒருத்தனை நான் திட்டி முடிக்கிற வரைக்கும் ஓரமா நின்னார்.

"வில்லையைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டாம்மா. மாட்டவே மாட்டேங்கிறா. தினமும் மாட்டிப் பழகலேன்னா பேச்சுகூட வெறும் சத்தமாவே நின்னு போயிடும்னு மேடம் சொல்றாங்க. நான் சொன்னா சிரிச்சுட்டுப் போயிடறா. நீ கத்தினாத்தான் கேப்பா."

"காது கேக்காதவகிட்ட கத்தி என்ன அத்தான் ஆகப்போகுது?"

"உன் கத்தல் அவளுக்கு மூஞ்சியிலயே தெரியும்"னார். சிரிக்காமத்தான் சொன்னார்.

கத்தறதுக்குத்தான் போனேன். அக்கா சமையலறையில உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கையைக் காட்டி உக்காரச் சொன்னா.

"கோவப்படாதே. நான் சொல்றதைக் கேளு. அந்தப் பாட்டு என் தலைக்குள்ள இன்னும் நல்லாத்தான் ஓடுது. கீபோர்டு, பேஸ், அவன் குரல், எல்லாம் அப்படியே இருக்கு. இதை மாட்டிக்கிட்டு அந்தத் தகர டப்பாவையே கேட்டுக்கிட்டிருந்தா, உள்ள இருக்கிறதும் அழிஞ்சு போயிடுமோன்னு பயமா இருக்குடி. பேச்சு இல்லாட்டிப் பரவால்ல. வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். அது போச்சுன்னா என்கிட்ட வேற என்ன இருக்கு?"

நான் என்னத்தைக் கத்த? மிச்சத் துணியை நானும் சேர்ந்து மடிச்சேன்.

அந்தக் கோபத்தை எங்கயாவது இறக்கணுமே. நேரா காது மேடம்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். பாவம், அவங்க எனக்குத் தண்ணி கொடுத்துட்டுச் சொன்னாங்க: "இதுல முதல்ல பிடிபடறது தாளமும் பேச்சும்தான். ராகம் ரொம்ப மெதுவாத்தான் வரும். சில பேருக்குப் பழைய மாதிரி வராமலே போகலாம். நீங்க எடுத்த எடுப்புல ஒரு பெரிய கும்பலையே உள்ள விட்டுட்டீங்க. ஒவ்வொரு ஆளா உள்ள விடுங்க. தெரிஞ்ச ஆளா விடுங்க."

ஒவ்வொரு ஆளா விடறதுன்னா பாட்டைப் பிரிக்கணும். அதுக்கு உலகத்துல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்.

தொப்பி ரொம்ப நாளா ஒரு கிறுக்கு வேலை பண்ணிக்கிட்டிருந்தான். நெட்டையனும் குட்டையனும் அவங்க பழைய பாட்டையெல்லாம் டிரம் தனி, பேஸ் தனி, குரல் தனின்னு பிரிச்சு, ரசிகர்கள் இஷ்டத்துக்கு ரீமிக்ஸ் பண்ணிக்கட்டும்னு வெளியில விட்டிருந்தாங்க. உலகம் பூரா நரைச்ச தலைங்க ராத்திரி பகலா அதைக் கலக்கிக்கிட்டிருக்கு. தொப்பி கலக்கினதையெல்லாம் எங்களைக் கேக்க வச்சுக் கொன்னிருக்கான். "நல்ல பாட்டுக்கு ஏன்டா சீரியல் பல்பு சுத்தறே?"ன்னு நானே அவனை எத்தனையோ தடவை மட்டம் தட்டியிருக்கேன். இப்ப அவன் முன்னாலயே போய் நின்னேன்.

"தொப்பி, அக்காவுக்கு ஒரு ரீமிக்ஸ் பண்ணணும்."

பழசைச் சொல்லிக் காட்டுவான்னு நினைச்சேன். அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு மாஸ்டர்"னான்.

அக்காவைச் சம்மதிக்க வைக்கறதுக்கு மட்டும் நான் கத்தல, மடக்கினேன். "உன் நாற்காலியில உக்கார்றவங்க, முதல் சில்லுல தெரியலேன்னதும் எந்திரிச்சுப் போயிடறாங்களா? அப்படிப் போனா நீ விட்டுடுவியா?"ன்னு கேட்டேன். முறைச்சா. டிராயரைத் திறந்து வில்லையை எடுத்து மாட்டிக்கிட்டா.

எங்க இடம் என் வண்டிதான். ஆட்கள் ஓட்டிப் பழகற காலி மைதானத்து ஓரத்துல நிறுத்தி, கண்ணாடியை ஏத்திட்டா, அதைவிட அமைதியான அறை ஊர்ல கிடையாது. அக்கா டிரைவர் சீட்டுல உக்காருவா. எனக்கு வழக்கம்போலப் பக்கத்து சீட்டு, கால் கிட்ட என் தனி பிரேக். தொப்பி அனுப்பினதை ஒவ்வொண்ணாப் போடுவேன்.

"இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?"

"என் கேள்வியை என்கிட்டயே கேக்கறே பாரு, கொழுப்பு"ன்னா. ஆனா பதில் சொன்னா. டிரம் மட்டும் போட்டா ஸ்டீயரிங்ல விரல் தானாத் தட்டுச்சு. பேஸைச் சேர்த்தா கொஞ்சம் யோசிச்சா. குரல்ல எதிரொலியை எடுத்துட்டு வறட்டுக் குரலாப் போட்டா, "ஆள் பேசறான்னு தெரியுது"ன்னா. கீபோர்டு வந்ததும் எல்லாம் சேறாப் போச்சு. வேற கீபோர்டு, மெல்லிசா, உசரமா, ஒத்தை விரல்ல வாசிச்சது, எதைப் போட்டாலும் சேறுதான். எடுத்துட்டோம். அக்காவுக்கு உசுரே அந்தக் கீபோர்டுதான். அதை எடுக்கச் சொல்லித் தொப்பிக்கு போன் பண்ணினப்போ "நெசமாவா மாஸ்டர்?"ன்னு ரெண்டு தடவை கேட்டான்.

அப்படி எடுத்து எடுத்து, டிரம்மும் லேசான பேஸும் குரலும் லிஃப்ட் மணியுமா ஒண்ணு மிஞ்சுச்சு. அதை முழுசாப் போட்டேன். மணி வர்ற இடத்துல நான் வேணும்னே தட்டாம, அக்கா கையையே பாத்துக்கிட்டிருந்தேன். கை ஸ்டீயரிங் மேல சும்மா கிடந்துச்சு. பாட்டு முடிஞ்சுது.

"நல்லா இருக்கு"ன்னா.

எனக்குத் தெரியாதா? பொருந்தாத கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஆசையாக் கேக்கறவங்ககிட்ட, "உங்களுக்கு எடுப்பா இருக்கு"ன்னு சொல்வாளே, அதே குரல்.

"பொய் சொல்லாதே."

அவ கண்ணு கலங்கிடுச்சு. "டிரம் கேக்குதுடி. யாரோ பேசறதும் கேக்குது. ஆனா அது எந்தப் பாட்டா வேணும்னாலும் இருக்கலாம். நம்ம பாட்டு இல்ல. நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு பாடுபட்டீங்க, அதுக்காக இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் மாட்டிக்கிறேன். அதுக்கு மேல என்னை விட்டுடுங்க."

அக்கா ஒண்ணு சொன்னா சொன்னதுதான். அவளை வீட்டுல விட்டுட்டு, டயர் கடை மாடி ஏறினேன். தொப்பிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். வேற வழி தெரியாதப்போ நாங்க பண்றதையே பண்ணினோம். முழு ரீமிக்ஸைப் போட்டோம், பழசு, நீளம், கீபோர்டு எல்லாத்தோடவும். நான் சுவத்துல சாஞ்சுக்கிட்டு, இனிமே இதை அவ இல்லாமத்தான் கேக்கணும் போலன்னு அழுதுக்கிட்டே இருந்தேன். மணி வந்துச்சு. அழுதுக்கிட்டே தட்டினேன், தட், தட். தொப்பியும் தட்டினான்.

தட்டிட்டுப் பாட்டை நிறுத்தினான்.

"மாஸ்டர், எத்தனையோ வருஷமாக் கேக்கணும்னு இருந்தேன். அங்க மணி இல்ல அடிக்குது? நாம எதுக்குத் தட்டறோம்?"

"உனக்குத் தெரியாமலா இத்தனை நாள் தட்டினே?"

"நீங்க ரெண்டு பேரும் தட்டினீங்க. ஏதோ விஷயம் தெரிஞ்சவங்க தட்டறாங்கன்னு நானும் தட்டினேன். என்னைப் பாத்துப் பல் டாக்டர் தட்டினார்."

அழுகைக்கு நடுவுல எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மூக்கைத் துடைச்சுக்கிட்டு அவனுக்குச் சொன்னேன். மென்னு துப்பின டேப் ரிக்கார்டர், கத்தரிக்கோல், விரல் நீள வெள்ளை நாடா, அந்த வெறும் இடம், அக்கா தட்டினது, எல்லாத்தையும் சொன்னேன்.

தொப்பி தொப்பியைக் கழட்டினான். சத்தியமா! வழுக்கையைத் தடவிக்கிட்டே என்னை முறைச்சான்.

"அடிப்பாவி! இதை இப்பதான் சொல்றியா? ஊருக்கெல்லாம் வந்த பாட்டை உங்க அக்காகிட்ட போட்டுட்டு, கண்டுபிடி கண்டுபிடின்னா எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அவங்க பாட்டுல மணியே கிடையாதே!"

எனக்குத் தலையில யாரோ குட்டின மாதிரி இருந்துச்சு. மணியை வைக்கச் சொன்னதே நான்தான். அக்கா வெட்டி எறிஞ்சதைப் பொறுக்கிக் கொண்டுவந்து, நல்லாத் துடைச்சு, அவ காதுலயே திணிச்சுக்கிட்டிருந்திருக்கேன்.

"எவ்வளவு நீளம் இருக்கும் அந்த வெறும் இடம்?"ன்னு கேட்டான்.

"நான் எங்கடா அளந்தேன்? சின்னப் பொண்ணு நான்."

"சரி, நீ தட்டு. நான் வெட்டறேன்."

கண்ணை மூடிக்கிட்டு நான் தட்டத் தட்ட, அவன் மணியை எடுத்துட்டு, என் கைக்கு இடம் விட்டு வெட்டினான். பெரிசாப் போச்சு, குறைச்சான். குறைஞ்சு போச்சு, கூட்டினான். ஒரு தடவை போட்டப்போ, கை தட்டின கையோட என் வாய் தானா "வந்துட்டான்"னு சொல்லுச்சு. "இதான்"னு சொல்லி நிறுத்திட்டான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். மைதானத்துல யாரும் இல்ல. அக்கா சொன்ன சொல் தவறாம வில்லையை மாட்டிக்கிட்டு வந்து டிரைவர் சீட்டுல உக்காந்தா. நல்ல சேலை கட்டியிருந்தா. ஏதோ கடைசியா ஒரு தடவை வந்துட்டுப் போறவ மாதிரி அமைதியா இருந்தா. அதைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல.

"இதுவா, அதுவான்னு கேக்கப் போறியா?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். கேளு, போதும்."

வேற எதுவும் அவகிட்ட சொல்லல. சொல்லிட்டா எனக்காகத் தட்டுவா. எனக்குத் தெரியாதா என் அக்காவை?

போட்டேன். டிரம் வந்துச்சு. பேஸ் வந்துச்சு. நெட்டையன் வந்து லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, திருப்பித் திருப்பி அதே வரியைச் சொன்னான். அக்கா கண்ணாடி வழியா வெளியில பாத்துக்கிட்டிருந்தா. தூரத்துல யாரோ ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனார். அவ அவரைத்தான் பாக்கறான்னு நினைச்சேன். விரல் ஸ்டீயரிங்ல லேசாத் தட்டுச்சு, வழக்கம்போல. எந்தப் பாட்டுக்கும் தட்டற தட்டு அது.

எல்லாம் விழுந்து டிரம் மட்டும் ஆச்சு.

அந்த விரல் நின்னுச்சு. ரெண்டு கையும் ஸ்டீயரிங்கை விட்டுட்டு மேல வந்துச்சு. அவளுக்கே தெரியாம வந்துச்சுன்னு நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன், ஏன்னா கண்ணு இன்னும் சைக்கிள்காரர் மேலயே இருந்துச்சு.

டிரம் போச்சு. வெள்ளை நாடா.

தட், தட்.

அக்கா தன் கையைத் தானே குனிஞ்சு பாத்தா. அவ நிமிர்றதுக்குள்ள குரல் வந்துடுச்சு. எதிரொலி இல்ல, கீபோர்டு இல்ல, வெறும் வறட்டுக் குரல்.

"வந்துட்டாண்டி"ன்னா. கத்தல. காத்து மாதிரித்தான் வந்துச்சு.

அப்புறம் பாட ஆரம்பிச்சா. சுதி சுத்தமா இல்ல. ராகம் எங்கயோ போச்சு, அவ எங்கயோ போனா. சின்ன வயசுல நாங்க இட்டுக்கட்டின அர்த்தமில்லாத வார்த்தையெல்லாம் ஒண்ணு விடாமப் பாடினா. கீபோர்டு வர வேண்டிய இடத்துல வாயாலயே "டு-டு-டூ"ன்னு வாசிச்சுக்கிட்டா. பாட்டுல இல்லாததையெல்லாம் உள்ள இருந்து எடுத்துப் போட்டுக்கிட்டே போனா. ஒண்ணும் அழியல. எல்லாம் அப்படியே இருந்துச்சு.

எனக்குக் கண்ணு மறைச்சுது. நானும் சேர்ந்து கத்தினேன். ஓடாத வண்டியில என் பிரேக்கை ரெண்டு காலாலயும் அழுத்தி மிதிச்சுக்கிட்டிருந்தேன்.

முடிஞ்சதும் அக்கா புறங்கையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. வில்லையைத் தொட்டுப் பாத்து, கொஞ்சம் அழுத்தி வச்சுக்கிட்டா. அப்புறம் என் பக்கம் திரும்பி முறைச்சா.

"ஏண்டி, நான் வெட்டி ஒட்டினதை எடுத்துட்டா இவ்வளவு நாளாப் போட்டுக்கிட்டிருந்தே? அறிவிருக்கா உனக்கு?"

"இல்லக்கா."

"திரும்பப் போடு."